பெண்கள் வகையில் வரவு

எங்கள் குப்பத்துக் கோயில் கட்டிய கணக்கை எழுதியவன் நான். அந்தக் கணக்கில் தெரிந்தே ஒரு குற்றம் செய்தேன். பணத்தில் ஒரு காசு குறையவில்லை. பெயர்களை மறைத்தேன்.

பழவேற்காடு ஏரியில் எங்களுக்குப் பாடு முறை உண்டு. எந்த நாளில் யார் எந்த இடத்தில் சுத்துவலை கட்டி இறால் பிடிப்பது என்று முறை வைத்துப் பிரித்துக்கொள்வோம். வலுத்தவன் ஏரியை வளைத்துப் போடாமல் காத்த ஏற்பாடு அது; இன்றும் மதிக்கிறேன். ஆனால் உரிமையும் ஊர் வரியும் தலைக்கட்டுக் கணக்கில்தான். மணமான ஆண் ஒரு தலைக்கட்டு. புருஷனை இழந்தவள் வீட்டில் மணமான மகன் இல்லையென்றால், எங்கள் ஊர்க் கணக்கில் அந்த வீடே கிடையாது.

புதுக் கோயிலுக்கும் தலைக்கட்டு வரிதான் போட்டோம். முகத்துவாரத்தை மணல் அடைத்து இறால் வரத்து விழுந்துபோயிருந்த நேரம். ஆண்களால் தவணை கட்ட முடியாமல் சுவர் ஜன்னல் மட்டத்தோடு நின்றது. அப்போது கூடைக்காரப் பெண்கள் கொடுக்க ஆரம்பித்தார்கள். விடியலில் மடவையும் நண்டும் ஏலத்தில் எடுத்து, பொன்னேரிக்குப் பஸ் ஏறி விற்று, வரும் வழியில் என் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து, முந்தானையில் முடிந்த நோட்டுகளைப் பிரித்து எண்ணிக் கொடுப்பார்கள். மீன் ஈரம் காயாத நோட்டுகள். அவர்களில் பலர் விதவைகள். கோயிலின் மேல்தளம் அந்தப் பணத்தில் போட்டது.

கணக்கு நோட்டில் ஒவ்வொரு ஆணுக்கும் தனி வரி எழுதினேன். பெண்கள் கொடுத்ததை மொத்தமாகக் கூட்டி, ‘பெண்கள் வகையில் வரவு’ என்று ஒரே வரியில் முடித்தேன். யாரும் என்னை அப்படி எழுதச் சொல்லவில்லை. தலைக்கட்டு இல்லாதவள் பேர் ஏறினால் நாளைக்கு ஏரியிலும் பங்கு கேட்பாள் என்று ஊர்க்கூட்டத்தில் பேச்சு எழும். பெரியவர்களிடம் அந்தப் பேச்சை வாங்க எனக்குத் தைரியமில்லை.

பெயருக்கு என்ன மதிப்பு என்று தெரியாதவனும் அல்ல. பழவேற்காட்டில் டச்சுக்காரர்கள் 1613-இல் கட்டிய ஜெல்டிரியாக் கோட்டை மண்ணோடு போய்விட்டது. அவர்கள் கல்லறைத் தோட்டத்தில் வெட்டிய பெயர்களை இன்றும் ஆட்கள் குனிந்து வாசிக்கிறார்கள். 1515-இல் எழும்பியதாகச் சொல்லும் மகிமை மாதா கோயிலுக்குப் போர்த்துக்கீசியர் பேர் இருக்கிறது, கல் சுமந்த நம் ஆட்கள் பேர் இல்லையே என்று பல இடங்களில் வருந்திப் பேசியவன் நான்.

திறப்பு நாளில் ஆயர் வந்தார். கோயில் நேர்ந்தளிப்புச் சடங்கில் வாசலில் ஓர் அழகான வழக்கம் உண்டு: கட்டியவர்களின் சார்பில் சாவியையோ வரைபடத்தையோ, உழைத்தவர்கள் பெயர் எழுதிய புத்தகத்தையோ ஆயர் கையில் ஒப்படைக்கலாம். சாமியார் அதை எனக்கு முன்னமே விளக்கியிருந்தார். என் நோட்டை நீட்ட முடியாது என்று எனக்குத் தெரியும். சாவி போதும் என்று சொல்லிவிட்டேன். பிறகு பீடத்தில் தைலம் பூசினார்கள், சுவர்ச் சிலுவைகளில் பூசினார்கள், விளக்குகள் ஏறின. பூசை முடிந்ததும், கொடுத்தவர்கள் பட்டியலை மைக்கில் வாசித்தேன். அதே பட்டியல்தான் கல்வெட்டிலும் இருக்கிறது.

இறங்கி வந்ததும் என் அத்தை கையைப் பிடித்தாள். “இன்னாப்பா, எங்க பேரு வரலியே? பேத்தி கேட்டுனே இருக்கா.”

“மாதாவுக்குத் தெரியும் அத்தை” என்றேன்.

என் கோழைத்தனத்தை மறைக்க மாதாவை இழுத்தேன். இதுதான் எனக்குப் பெரிய பாவமாகப் படுகிறது. அத்தை மறுபேச்சுப் பேசாமல் பிரியாணிப் பந்திக்குப் போய் இலை போட ஆரம்பித்தாள். அதற்குப் பிறகு எத்தனையோ முறை பாவசங்கீர்த்தனம் செய்திருக்கிறேன். கோபத்தைச் சொன்னேன், குடித்ததைச் சொன்னேன். இதைச் சொன்னதில்லை, வழக்கப்படி நடந்தேன் என்றே நினைத்திருந்தேன்.

அத்தை இறந்துவிட்டாள். இப்போது வீடு வீடாகப் போய்ப் பெயர் கேட்டு எழுதுகிறேன். சிலர் பெயர் கிடைக்கவில்லை. இன்னார் பெண்சாதி, இன்னாருடைய அம்மா என்றுதான் சொல்கிறார்கள். யார் எவ்வளவு கொடுத்தார்கள் என்பதை மீட்க வழியே இல்லை, நான்தான் கூட்டிவிட்டேனே. இரண்டாவது கல் பதிக்க வேண்டும் என்று ஊர்க்கூட்டத்தில் கேட்க வேண்டும். இன்னும் கேட்கவில்லை.