மதில் தெரியாத தோட்டம்

பூந்தோட்டம் போடுவதற்குக் கடல் கடந்து போகவேண்டுமா என்று கேட்டனர். கேட்டவர்கள் மாற்றார் அல்லர். உற்றார், உறவினர், உடன் பயின்றோர். மருத்துவம் என்றிருந்தால் மகிழ்ந்திருப்பர். கணிப்பொறி என்றிருந்தால் கைகுலுக்கியிருப்பர். நிலத்தோற்றக் கலை, அதாவது லேண்ட்ஸ்கேப் ஆர்க்கிடெக்சர், என்றதும் முகம் சுருங்கிற்று. ‘தோட்டக்காரன் வேலைக்கு மேற்பட்டமா?’ என்ற அந்தக் கேள்வியிலே அறியாமை பாதி, ஆணவம் பாதி. மண்ணுக்கு உரியவன் மதிப்புடையவன், மண்ணைத் தொடுபவன் மட்டமானவன் என்று நெடுங்காலமாகப் போட்டு வைத்திருக்கும் கணக்கு இருக்கிறதே, அது பல்கலைக்கழகப் படிப்பின் பெயரைக் கேட்டபோதும் பல்லிளித்தது!

போனோம். இங்கிலாந்தின் வடபகுதியிலே, தொழிற்சாலைகள் ஓய்ந்து, புகைபோக்கிகள் நினைவுச் சின்னங்களாகிவிட்ட நகரம் ஒன்றிலே, ஈராண்டுப் படிப்பு. வேறு துறையில் பட்டம் பெற்றோரும் இத்துறைக்கு வந்து சேர அந்நாட்டிலே வழியுண்டு. ஆகவே எம் வகுப்பிலே கட்டடக் கலைஞர் இருந்தனர், தாவரவியலார் இருந்தனர், புவியியலார் இருந்தனர், ஓவியர் ஒருவரும் இருந்தார். சீனம், ஈரான், நைஜீரியா, கிரேக்கம் என்று பல நாட்டுப் பிள்ளைகள். ஆங்கிலப் பிள்ளைகள் எண்ணிக்கையில் குறைவு!

பாடம் என்ன? ரோஜாவை எங்கே வைப்பது என்பதா? அன்று. மழை எங்கே விழுந்து எங்கே ஓடுகிறது, சரிவு எந்தப் பக்கம், காற்று எத்திசை, வேர் விரிய எத்தனை அடி மண் வேண்டும், தள்ளுவண்டியில் குழந்தையை வைத்துக்கொண்டு வரும் தாய் எந்த வழியே ஏறுவாள், இருட்டியபின் அந்தப் பாதையில் பெண்ணொருத்தி அச்சமின்றி நடக்க முடியுமா—இவைதான் பாடம். விரிவுரை சிறிது, வரைபடமே பெரிது. படத்தைச் சுவரில் மாட்டிவிட்டு ஆசிரியர்கள் முன்னே நிற்கவேண்டும். ‘இந்தக் கோடு ஏன் இங்கே?’ என்பார்கள். ‘அழகாக இருக்கிறது’ என்று சொல்லித் தப்பமுடியாது. காரணம் கேட்பார்கள், காரணம் காட்டத்தான் வேண்டும். நமக்கு மிகவும் பிடித்துப் போனது அந்தப் பழக்கம்.

ஆனால், நம்மை உண்மையிலேயே உலுக்கியது வேறொன்று. அது ஒரு பள்ளம்.

பதினெட்டாம் நூற்றாண்டுச் சீமான்களின் மாளிகைகளிலே, சாளரத்தருகே நின்று பார்த்தால், காலடியிலிருந்து தொடுவானம் வரை ஒரே பசும்புல். தொலைவிலே மாடுகள் மேயும். வேலி இல்லை, மதில் இல்லை. எனினும் மாடு மாளிகைப் பக்கம் வராது. ஏன்? புல்வெளியின் நடுவே பள்ளம் வெட்டி, ஒரு பக்கத்தை மதிலாகக் கட்டி, மறுபக்கத்தைச் சரிவாக விட்டிருப்பார்கள். மதிலின் தலை புல்லோடு புல்லாக நிற்கும். மாளிகையிலிருந்து பார்ப்பவர் கண்ணுக்கு அது தெரியாது. பெயர் என்ன தெரியுமோ? ஹா-ஹா! திடீரென்று எதிர்ப்பட்டவர்கள் வியந்து கூவியதால் வந்த பெயர் என்பர். நமக்கு வியப்பு வரவில்லை. இருக்கும் மதிலை இல்லாததுபோல் காட்டுவதற்கு இத்தனை அறிவைச் செலவிட்டிருக்கிறார்களே என்ற எண்ணந்தான் வந்தது.

அந்தக் காலத்திலே இந்தக் கலையின் தலைமகன் லான்சலட் பிரவுன். 1716-இல் பிறந்து 1783-இல் மறைந்தவர். நார்தம்பர்லாந்துச் சிற்றூரிலே தோட்ட வேலை பழகி, மன்னரின் தோட்டக்காரராக உயர்ந்தவர். எந்தச் சீமானின் நிலத்தைப் பார்த்தாலும் ‘இதற்கு வாய்ப்பு இருக்கிறது’ என்று சொல்வாராம். அதனால் ‘கேப்பபிலிட்டி’ பிரவுன் என்று பெயர் ஒட்டிக்கொண்டது. ஆறு இல்லாத இடத்தில் ஏரி. குன்று இல்லாத இடத்தில் மேடு. திறமையிலே குறைசொல்ல முடியாது.

விடுமுறையிலே டார்செட் மாவட்டத்துக்குப் போய், மில்ட்டன் அபாஸ் என்ற ஊரைப் பார்த்தோம். சரிந்து இறங்கும் தெரு. இருமருங்கிலும் வெள்ளைச் சுவர், வைக்கோற் கூரை, அச்சில் வார்த்ததுபோல் ஒரேமாதிரி வீடுகள். வாழ்த்து அட்டைப் படம் போன்ற ஊர்! பயணிகள் படம் பிடித்துக்கொண்டிருந்தனர். அந்த ஊர் எப்படிப் பிறந்தது? அருகே மிடில்ட்டன் என்றொரு பழைய அங்காடி ஊர் இருந்தது. நூற்றுக்கு மேற்பட்ட வீடுகள், பள்ளிக்கூடம், கடைகள், சத்திரங்கள்—உயிரோட்டமுள்ள ஊர். அதன் குற்றம் ஒன்றே ஒன்று: மில்ட்டன் பிரபுவின் மாளிகைச் சாளரத்திலிருந்து பார்த்தால் அது கண்ணில் பட்டது! குத்தகை முடிய முடிய வீடுகளை வாங்கினார்; இடித்தார். 1780-ஐ ஒட்டிய ஆண்டுகளில், பார்வைக்கு எட்டாத பள்ளத்தாக்கிலே புதிய ஊர் எழுந்தது. வெளியே ஒரு வீடாகத் தெரிவதிலே உள்ளே இரு குடும்பங்கள். அத்தனை குடும்பங்களுக்கும் அங்கே இடமும் இல்லை. பள்ளிக்கூடம் வேற்றூருக்குப் பெயர்ந்தது. பழைய ஊர் இருந்த இடம் புல்வெளியாயிற்று. பள்ளத்தாக்கிலே ஏரி தேங்கிற்று. வில்லியம் ஹாரிசன் என்ற வழக்கறிஞர் மட்டும் அசைய மறுத்தாராம். மதகைத் திறந்து அவர் வீட்டிலே வெள்ளத்தைப் புகவிட்டாராம் பிரபு. வழக்காடி வென்றாராம் ஹாரிசன். அந்த வட்டாரத்திலே இன்றும் சுவைத்துச் சொல்லப்படும் கதை இது. பிரபுவுக்காக நிலத்தைத் திருத்தியவர் யார்? நம் பிரவுன்தான்.

அன்றிரவு விடுதியிலே நமக்கு உறக்கம் வரவில்லை. ஊரிலே நாம் மாட்டி வைத்திருந்த ஆங்கிலப் புல்வெளிப் படங்கள் எத்தனை! அமைதி, தூய்மை, இயற்கை என்று அவற்றைக் காட்டித்தானே நமக்குச் சுவை கற்பித்தார்கள்? அந்த அமைதியிலே ஊர் இழந்தோரின் அமைதியும் கலந்திருக்கிறது என்று எந்த நாட்காட்டியும் சொல்லவில்லையே!

இன்னொரு மதிலையும் சொல்லவேண்டும். பல்கலைக்கழகங்கள் அனுப்பும் விளம்பர ஏடுகளைப் பாருங்கள்: பசும்புல், பலநிற முகங்கள், புன்னகை, நம் வீட்டு வாயிலிலிருந்து அவர்கள் வகுப்பறை வரை இடையிலே எதுவுமே இல்லாததுபோல் தோன்றும். கிட்டப் போனால்தான் பள்ளம் தெரியும். வெளிநாட்டு மாணவர்க்குக் கட்டணம் உள்நாட்டாரைவிடப் பன்மடங்கு. மருத்துவ வசதிக்கென்று, 2024 முதல் ஆண்டுக்கு 776 பவுன் முன்கூட்டியே கட்டவேண்டும். படிக்கும் பருவத்திலே வாரத்துக்கு 20 மணி நேரத்துக்குமேல் கூலிவேலை கூடாது. 2024 சனவரி முதல், பாடவழி முதுகலை படிப்போர் மனைவியையோ கணவரையோ குழந்தையையோ உடன் அழைத்துப் போகவும் வழியில்லை. பட்டம் பெற்றபின் தங்கி வேலை தேட ஈராண்டு என்றிருந்ததை, 2027 சனவரி முதல் விண்ணப்பிப்போர்க்கு 18 திங்களாகக் குறைத்துவிட்டனர். இந்தத் தொழிலிலோ, பட்டம் மட்டும் போதாது. அலுவலகத்திலே மூத்தவர் மேற்பார்வையில் பழகி, வாய்மொழித் தேர்வு தந்தால்தான் தொழிற்கழகம் முழுத்தகுதி வழங்கும். வீட்டை ஈடுவைத்து வந்த பிள்ளை, நாட்காட்டியைப் பார்த்தபடியே கோடு போடுகிறான். போகாதீர் என்று சொல்ல இதை எழுதவில்லை. பள்ளத்தின் அகலத்தை அளந்துகொண்டு தாண்டுங்கள் என்கிறோம்.

கலை முழுவதுமே சீமான்களின் சூழ்ச்சிதானா? அப்படிச் சொன்னால் அது பொய். லிவர்ப்பூலுக்கு எதிர்க்கரையிலே பர்க்கன்ஹெட் பூங்கா இருக்கிறது. ஜோசப் பாக்ஸ்டன் அமைத்தது, 1847-இல் திறந்தது. ஊராட்சி, பொதுப்பணத்திலே பொதுமக்களுக்கென்றே அமைத்த பூங்கா, நுழைவுக் கட்டணமில்லை. 1850-இல் அதைக் காண வந்த அமெரிக்கர் ஃபிரெடரிக் லா ஆம்ஸ்டெட், இத்தகைய மக்கள் பூங்கா மக்களாட்சி பேசும் தம் நாட்டிலே இல்லையே என்று வியந்தார். 1858-இல் அவரும் கால்வர்ட் வாக்ஸும் வரைந்த திட்டம், நியூயார்க்கின் சென்ட்ரல் பார்க் போட்டியிலே வென்றது.

நல்ல முடிவு என்று கைதட்டப் போனபோது, நைஜீரியத் தோழி ஒருத்தி தன் கட்டுரையிலே செனகா ஊரைப் பற்றிப் படித்தாள். கைகள் நின்றன. பூங்காவுக்கென்று எடுத்த நிலத்திலே 1825 முதல் கறுப்பின மக்கள் நிலம் வாங்கி வாழ்ந்த ஊர் அது. ஐரிஷ் மக்களும் சிலர் இருந்தனர். 1855-ஆம் ஆண்டுக் கணக்கிலே ஏறத்தாழ 225 பேர். மூன்று தேவாலயங்கள், ஒரு பள்ளி. அன்றைய நியூயார்க் சட்டப்படி, கறுப்பின ஆடவருக்கு 250 டாலர் மதிப்புள்ள நிலம் இருந்தால்தான் வாக்குரிமை. வெள்ளையர்க்கோ அந்தத் தடை நீங்கிவிட்டிருந்தது! அங்கே நிலம் என்பது வெறும் மண்ணல்ல, வாக்குச்சீட்டு! 1857-இல் நகராட்சி அத்தனையையும் கையகப்படுத்தி இடித்தது. இழப்பீடு கொடுத்தனர், ஊரைக் கொடுக்கவில்லை. ஏடுகளோ அவர்களை அத்துமீறிக் குடியேறியவர் என்று எழுதின. ஆம்ஸ்டெட் இடிக்கவில்லை, அவர் வரையத் தொடங்குமுன்பே இடம் ‘வெற்றிடம்’ ஆகியிருந்தது. வரைபவர் கைக்கு வரும் தாள் எப்போதும் வெள்ளையாகத்தான் வரும். வெள்ளையாக்கியவர் யார் என்று கேட்பது அவர் வேலையா இல்லையா? வகுப்பிலே இரண்டு மணி நேரம் வாதம் நடந்தது. வேலைதான் என்பது நம் கட்சி. வாக்கெடுப்பு நடத்தவில்லை, நடத்தியிருந்தால் நாம் தோற்றிருக்கவும் கூடும்.

வெளிநாட்டு மாணவன் என்ற நிலையிலே நமக்குத் துணிவூட்டியவர் சீனத்து யூ கொங்ஜியான். செஜியாங் மாநிலத்து உழவர் மகன். ஹார்வர்டிலே 1995-இல் முனைவர் பட்டம் பெற்று, 1997-இல் நாடு திரும்பினார். ஆறுகளைச் சிமெண்டுக் கால்வாய்களாக்கிக்கொண்டிருந்த நகரங்களிடம், ‘நிலம் பஞ்சுபோல் நீரைக் குடிக்கட்டும்’ என்றார். முதலில் எதிர்ப்பு, பின்னர், 2015-இல் அரசே 16 நகரங்களிலே அதைச் செய்து பார்க்க முன்வந்தது. ஷென்யாங் நகரத்துக் கட்டடக்கலைப் பல்கலைக்கழக வளாகத்திலே அவர் என்ன நட்டார்? நெல்! வகுப்பறைக்குப் போகும் பாதையின் இருபுறமும் வயல். நடவிலும் அறுவடையிலும் மாணவர்க்குப் பங்கு. அயல்நாட்டிலே பட்டம் வாங்கியவர், அயல்நாட்டுப் புல்லை வாங்கி வரவில்லை. 2025 செப்டம்பரிலே பிரேசிலில் விமான விபத்தில் மறைந்தார். எம் வகுப்பிலிருந்த சீன மாணவர் இருவர் அன்று படம் வரையவில்லை.

சென்ற திங்கள் ஊரிலிருந்து ஒரு மடல் வந்தது. நண்பர் ஒருவர் கல்லூரி வளாகம் அமைக்கும் குழுவிலே இருக்கிறார். ‘எட்டு ஏக்கர் வெற்றிடம் இருக்கிறது, இங்கிலாந்திலே இருப்பதுபோல் புல்தரை வேண்டும், ஒரு படம் வரைந்து அனுப்பு’ என்று எழுதியிருந்தார். சாரல் நிற்காத நாட்டிலே தானாய்ச் செழிக்கும் புல்லுக்குச் சித்திரை வெயிலிலே யார் வீட்டுக் குடத்துநீரை ஊற்றுவது? படம் அனுப்பவில்லை, கேள்விகள் அனுப்பினோம். ஐப்பசி மழையிலே அந்த நிலத்தில் நீர் எங்கே நிற்கிறது? எந்தப் பக்கம் வடிகிறது? குறுக்கே ஒற்றையடிப் பாதை இருக்கிறதா. இருந்தால் அதிலே நடப்பவர் யார்? ஆடு மேய்க்க வருவோர் உண்டா? ‘வெற்றிடம்’ என்று எழுதியிருக்கிறீரே, அங்கே முன்பு என்ன இருந்தது?

மறுமொழி இன்னும் வரவில்லை.