எடைபோட்டு வாங்கும் தாளம்

கோவில்பட்டிச் சீமையில் மேளக்காரர்களின் பிழைப்பு மழையோடு கட்டப்பட்டது. கரிசல் மானாவாரி நிலம் அது. புரட்டாசி, ஐப்பசி மழையை நம்பி விதைத்த பருத்தியும் சோளமும் கம்பும் உளுந்தும் தை, மாசியில் வீடு வந்து சேர்ந்த பிறகுதான் ஊரில் காசு புழங்கும்; வரி பிரிப்பார்கள், கோவில் கொடைக்கு நாள் குறிப்பார்கள். பங்குனிப் பொங்கலில் தொடங்கி இருக்கன்குடி மாரியம்மனின் ஆடிக் கடைசி வெள்ளி வரைக்கும் நையாண்டி மேளச் செட்டுகளுக்கு இரவுத் தூக்கம் அரிது. இரண்டு நாகஸ்வரம், இரண்டு தவில், பம்பை, தமுக்கு, தாளம் என்று ஒரு செட்டு அமையும். ஊருக்கு ஊர் உறுமியோ கிடுகிட்டியோ சேரும். இந்தச் செட்டுகளின் கருவிகளைப் பார்த்தும், கருவிகளைப் பற்றி வாசிப்பவர்களிடம் கேட்டும் நான் வந்து சேர்ந்த முடிவு ஒன்றுதான். நாகஸ்வரத்துக்கும் தவிலுக்கும் பின்னால், செய்தவருக்கும் வாசிப்பவருக்கும் இடையே நீண்ட பேச்சு ஒன்று இருக்கிறது. தாளத்துக்குப் பின்னால் அப்படி எதுவும் இல்லை. நாகஸ்வரக்காரர் காவிரிக்கரை நாணலில் செய்த சீவாளிகளை ஒவ்வொன்றாக ஊதிப் பார்த்து, பலவற்றைக் கழித்து, சிலவற்றைப் பொறுக்குவார். தவில்காரர் தோல் மாற்றுபவரின் எதிரே உட்கார்ந்து, தட்டிக் கேட்டு, இன்னும் கொஞ்சம் இழுக்கச் சொல்லி வேலை வாங்குவார். தாளத்தை மட்டும் பாத்திரக் கடையில் தராசில் வைத்து, கிலோ கணக்கில் விலை போட்டு வாங்குகிறார்கள். குடம், உருளி, தாளம் மூன்றும் அங்கே ஒரே அலமாரியில்தான் இருக்கின்றன. செட்டு முழுவதையும் காலத்தில் கட்டி நிறுத்தும் கருவிக்கு இது நேரக் கூடாது என்பதும், சரிசெய்யும் வழி கைக்கெட்டும் தூரத்தில் இருக்கிறது என்பதும் என் வாதம்.

செய்பவரும் வாசிப்பவரும் பேசிக்கொள்வதால் கருவிக்கு என்ன கிடைக்கிறது என்பதற்குத் தவிலே சாட்சி. பலாமரத்தைக் குடைந்த உடல், இரு தலைகளிலும் தோல். வலந்தலை விறைப்பாக நிற்க வேண்டும். அடியைக் கூடு மாட்டிய விரல்கள் கொடுக்கும். இடப்பக்கத் தொப்பி தளர்ந்து நின்று, பூவரசங் கழியின் அடிக்குக் கும்மென்று பதில் சொல்ல வேண்டும். தோல் காற்றின் ஈரத்துக்கு ஏற்ப நடந்துகொள்ளும் பொருள். கரிசக்காட்டுச் சித்திரை வெயிலில் விறைத்து நிற்கும் வலந்தலை, ஐப்பசி அடைமழையில் தொய்ந்துபோகும். முன்பு வார் போட்டு இறுக்கிய காலத்தில் இதைச் சமாளிப்பதே தனி வேலை. இப்போது எஃகு வளையமும் மரையாணியும் வந்துவிட்டன. வாசிப்பவரே திருகி இறுக்கிக்கொள்ளலாம். வார்த் தவிலின் நாதம் இதில் இல்லை என்று வருந்துபவர்கள் இருக்கிறார்கள். அந்த வருத்தத்தில் நியாயம் உண்டு. ஆனாலும், இரவு முழுக்க வாசிப்பவருக்கு நடுச்சாமத்தில் தோல் இறங்கினால் என்ன செய்வது என்ற கேள்விக்குக் கிடைத்த பதில் இது. வாசிப்பவரின் கஷ்டம் பட்டறைக்குப் போய்ச் சேராமல் எந்தக் கருவியும் இப்படி மாறாது. பறையில் இந்தத் தூரம் இன்னும் குறைவு. வேப்பஞ்சட்டத்தில் புளியங்கொட்டைப் பசை தடவித் தோல் ஒட்டுவதும், நெருப்பில் காய்ச்சி விறைப்பேற்றுவதும், அடிக்குச்சியும் சிண்டுக்குச்சியும் பிடித்து வாசிப்பதும் பல இடங்களில் ஒரே கைதான். அங்கே செய்பவரின் காதும் வாசிப்பவரின் காதும் ஒன்று.

நாகஸ்வரத்தின் கதை கோவில்பட்டிக்காரர்களுக்கு இன்னும் நெருக்கமானது. திருவாவடுதுறை ராஜரத்தினம் பிள்ளை பழைய திமிரி நாகஸ்வரத்தை விட்டு, நீளம் கூடிய, சுருதி இறங்கிய பாரி நாகஸ்வரத்துக்கு வந்தார். அதற்குரிய கருவியை நரசிங்கம்பேட்டை ரங்கநாதன் ஆச்சாரி ஆச்சா மரத்தில் கடைந்து கொடுத்தார். துளை எங்கே விழ வேண்டும், சுத்த மத்தியமம் சரியாகப் பேச என்ன செய்ய வேண்டும் என்பதெல்லாம் ஒருவர் ஊத, மற்றவர் கேட்டுத் திருத்தி முடிவானவை. ராஜரத்தினம் பிள்ளையின் சீடர் காருகுறிச்சி அருணாசலம் கோவில்பட்டியில் குடியேறி, 1964இல் மறையும் வரை இந்த மண்ணில்தான் வாழ்ந்தார். அவருக்கு இங்கே சிலை இருக்கிறது. 1962இல் வெளிவந்த ‘கொஞ்சும் சலங்கை’ படத்தில் எஸ். ஜானகியின் குரலுக்கு இணையாக அவர் வாசித்ததைத் தமிழ்நாடே கேட்டது. அந்தக் குழைவுக்கு அவருடைய மூச்சும் விரலும் எவ்வளவு காரணமோ, அதில் ஒரு பங்காவது அந்த ஆச்சாரியின் கடைசலுக்கும் சேர வேண்டும். நரசிங்கம்பேட்டை நாகஸ்வரத்துக்கு 2022இல் புவிசார் குறியீடு கிடைத்தது. தாளத்துக்கு அப்படி ஊர்ப்பெயர் சொல்லிக் கேட்கும் வழக்கம் நம்மிடம் உருவாகவே இல்லை.

வெண்கலத்தில் செய்து பார்க்க ஒன்றுமில்லை, வார்த்தால் வார்த்ததுதான் என்று நினைப்பவர்கள் உலோகத்தின் இயல்பைக் கொஞ்சம் பார்க்க வேண்டும். செம்போடு வெள்ளீயம் நூற்றுக்குப் பத்துப் பங்குக்குள் சேர்ந்தால் சிலைக்கும் சாமானுக்கும் ஏற்ற வெண்கலம். இருபதை எட்டும்போது நீண்டு ஒலிக்கும் மணிநாதம் பிறக்கிறது. கூடவே, தவறி விழுந்தால் நொறுங்கும் குணமும் வந்துவிடுகிறது. இந்த இரண்டையும் சமாளிக்கும் வித்தை மிகப் பழையது. சிவக்கக் காய்ச்சி, அந்தச் சூட்டோடு தண்ணீரில் அமிழ்த்தினால் இந்த வெண்கலத்தின் நொறுங்கும் குணம் அடங்குகிறது. எஃகைக் காய்ச்சி இப்படி நீரில் இட்டால் அது கடினமாகி உடையும். வெண்கலத்தில் நேர் எதிரான பலன். கோவில்பட்டி இருக்கும் இதே தூத்துக்குடி மாவட்டத்தின் ஆதிச்சநல்லூரில் கிடைத்த இரும்புக்காலப் பாத்திரங்களை ஆராய்ந்த உலோகவியல் அறிஞர் சாரதா சீனிவாசன், வெள்ளீயம் மிகுந்த வெண்கலத்தைச் சூட்டில் அடித்து உருவாக்கி, நீரில் குளிர்வித்த வேலை அது என்று காட்டியிருக்கிறார். இந்த உலோகத்தைப் பழக்கத் தெரிந்த கைகள் இந்த மண்ணில் அவ்வளவு காலமாக இருந்திருக்கின்றன. வார்ப்புத் தாளத்திலும் நாதத்தைத் தீர்மானிக்கும் இடங்கள் பல. மூசையில் வெள்ளீயத்தின் அளவு, குழிவின் ஆழம், கடைசலில் விளிம்புக்கு விட்டுவைக்கும் கனம், கயிறு கோக்கும் துளையின் இடம் எல்லாமே ஒலியை மாற்றும். கடைசலில் ஒரு சுற்றுக் கூடிவிட்டால் போன உலோகம் திரும்பாது. ஆகவே எங்கே நிறுத்த வேண்டும் என்று சொல்ல ஒரு காது அந்த நேரத்தில் அருகே இருந்தாக வேண்டும். இப்போது வெண்கலம் வார்க்கும் கன்னாருக்குக் கிடைக்கும் ஒரே கட்டளை எடையும் அளவும்தான். அவர் அதற்கு நேர்மையாக வேலை செய்கிறார். அவர்மேல் எனக்கு எந்தக் குறையும் இல்லை.

உலகின் மறுபக்கத்தில் இதே உலோகம் வேறு வழியில் போயிருக்கிறது. 1623இல் இஸ்தான்புல்லில் தொடங்கிய ஜில்ஜியன் குடும்பத்தின் சிம்பல் தொழில் 1929இல் அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் கால் ஊன்றியது. செம்பு எண்பது, வெள்ளீயம் இருபது என்ற கலவையை அவர்கள் பெரிதாக மாற்றவில்லை. மாறியது, பட்டறைக்குள் யாரை விட்டார்கள் என்பது. ஜாஸ் இசை எழுந்த காலத்தில் மூன்றாம் அவேடிஸ் ஜில்ஜியன் ஜீன் குரூப்பா போன்ற டிரம்மர்களிடம் கேட்டுக் கேட்டுத் தகடுகளை மெல்லிதாக்கினார். பட்டாளத்து வாத்தியக் கோஷ்டியில் மோதி ஒலித்த கனத்த தட்டு, தாங்கியில் தொங்கி, குச்சியின் லேசான தொடுகைக்கும் பேசும் கருவியாயிற்று. சட்டென்று வெடித்து அடங்குவது ஒன்று, காலம் காட்டிக்கொண்டே போவது ஒன்று, காலால் மிதித்து மூடுவது ஒன்று என்று வகைகள் பிரிந்ததும் வாசிப்பவர்களின் தேவையிலிருந்துதான். இன்றும் பெரிய சிம்பல் நிறுவனங்களில் தொழில்முறை டிரம்மர்களோடு பேசுவதற்கென்றே ஆட்கள் இருக்கிறார்கள். அவர்களில் பலர் தாங்களே டிரம் வாசிப்பவர்கள்.

தாளம் காலப்பிரமாணத்தைக் காட்டத்தானே, அதற்கு என்ன நாதம், டக் டக்கென்று கேட்டால் போதாதா என்று சங்கீதம் தெரிந்தவர்களே கேட்கிறார்கள். இந்தக் கேள்விக்குப் பக்கத்து மாநிலம் எப்போதோ பதில் சொல்லிவிட்டது. கேரளத்தின் பஞ்சாரி, பாண்டி மேளங்களில் செண்டைக்காரர்களுக்குப் பின்னால் இலத்தாளக்காரர்கள் வரிசையாக நிற்கிறார்கள். மேளம் ஒவ்வொரு காலமாக ஏறும்போது அந்த ஏற்றத்தின் பளபளப்பு இலத்தாளத்தில்தான் இருக்கிறது. அதைக் கழித்துவிட்டுக் கேட்டால் மேளம் பாதியாகிவிடும். நம்முடைய நட்டுவாங்கத்திலும் ஒரு தட்டு வெண்கலம், இன்னொன்று எஃகு. இரண்டும் ஒன்றே என்றிருந்தால் கிடைக்காத கூர்மைக்காக யாரோ யோசித்துச் செய்த ஏற்பாடு அது. நையாண்டி மேளத்தில் இந்த யோசனைக்குத் தேவை அதிகம். திறந்த வெளி, இரண்டு தவில், பம்பை, கூடவே ஒலிபெருக்கி. இந்த இரைச்சலில் தாளம் கேட்க வேண்டுமென்றால் ஓங்கி அடிப்பதுதான் இப்போதைய வழி. ஓங்கி அடித்தால் தட்டு விளிம்பில் விரிசல் விடுகிறது. அந்தக் கூர்த்த ஒலியை இரவு முழுக்க வாங்குவது தாளக்காரரின் காதும், பக்கத்தில் நிற்பவர்களின் காதும். நாதம் நீளமாக இழுத்தால் தவிலின் விரைவுச் சொற்கள் அதில் கலங்கிவிடும்; சீக்கிரம் அடங்கினால் எடுபடாது. எந்த அளவு சரி என்பது வாசிக்கிறவருக்கு மட்டுமே தெரிந்த விஷயம். கல்யாண வீடுகளில் நையாண்டி மேளத்தின் இடத்தைச் செண்டை மேளம் பிடித்துவருவதற்குக் காரணங்கள் பல. ஆனால் செண்டை வந்து நின்றதும் தெருவே நிமிர்ந்து பார்ப்பதில் அந்த வெண்கலத்தின் பங்கு சிறிதல்ல.

இன்னொரு மறுப்பு இதைவிடக் கனமானது. செய்பவரும் வாசிப்பவரும் கூடிப் பேசிய பொற்காலம் என்று நான் ஒன்றைக் கற்பனை செய்கிறேன், சாதி அந்தப் பேச்சை எப்போதும் கோணலாகவே நடத்தியது என்பார்கள். உண்மை. மிருதங்கம் செய்யும் தலித் கிறிஸ்தவக் குடும்பங்களைப் பற்றி டி.எம். கிருஷ்ணா எழுதி 2020இல் வெளிவந்த நூல் இதை மறுக்க முடியாமல் காட்டியது. பாலக்காடு மணி ஐயரின் மிருதங்க நாதத்தில் அதைச் செய்த பர்லாந்தின் மூளையும் கையும் எவ்வளவு இருந்தன என்பது ஊருக்குத் தெரியும். மேடையில் அவர் பெயர் ஒலித்ததில்லை. தோலைத் தொட்டு வேலை செய்தவரை வாசலுக்கு வெளியே நிறுத்திவிட்டு, அவர் செய்ததைப் பூஜையறையில் வைத்த சமூகம் இது. பறையில் செய்பவரும் வாசிப்பவரும் ஒருவரே என்றேன். அந்த ஒருவருக்கு நாம் கொடுத்த மரியாதை என்ன என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். ஆனால் இந்த உண்மை என் வாதத்தை முறிக்கவில்லை, அதற்கு ஒரு நிபந்தனை போடுகிறது. பேச்சு நடந்தால் மட்டும் போதாது, இருவர் பெயரும் வெளியே தெரிய வேண்டும். ஒரு வகையில் தாளத்தில் இதைத் தொடங்குவது எளிது. பழைய குரு, எஜமான் உறவு எதுவும் அங்கே இல்லை. செட்டில் பெரும்பாலும் மிகக் குறைந்த பங்கு வாங்கும் தாளக்காரரும், கடைக்காரருக்கு எடைக்கு வேலை செய்யும் கன்னாரும் சந்தித்தால் ஒருவர் முன் ஒருவர் குனிய வேண்டியதில்லை.

செலவு கட்டாது, சந்தை சின்னது என்பார்கள். வெண்கலம் தேய்ந்து வீணாகும் பொருள் அல்ல. உடைந்த தாளத்தையும் எடைக்கு எடுத்துக்கொள்கிறார்கள். போட்ட பணத்தில் பெரும்பகுதி உலோகமாக நிற்கிறது. இப்போது உடைந்த தட்டு கடைக்காரர் வழியாக எங்கோ ஒரு மூசைக்குள் போய்விடுகிறது. அதே தட்டு, செய்தவரின் கையிலேயே திரும்ப வந்தால், எந்த இடத்தில் விரிசல் விட்டது என்பதை அவர் பார்ப்பார். அடுத்த வார்ப்பில் அந்த இடத்துக்குக் கனம் கூடும். சந்தை சின்னது என்பதற்கும் கோவில்பட்டியிலேயே பதில் இருக்கிறது. 1901இல் தொடங்கிய இங்குள்ள வேளாண் ஆராய்ச்சி நிலையம், மழையை மட்டும் நம்பிய கரிசலுக்கென்றே கே 11 பருத்தியையும் கே 8 சோளத்தையும் கொடுத்தது. எல்லா மண்ணுக்கும் ஒரே விதை போதும் என்று அது இருந்திருந்தால் மானாவாரிக்காரர்களுக்கு எதுவும் கிடைத்திருக்காது. மானாவாரி நிலத்துக்கு ஒரு விதை தேவை என்றால், திறந்தவெளிக் கொடைக்கு ஒரு தாளம் தேவை என்பதிலும் வியப்பில்லை.

தடை எங்கே இருக்கிறது என்று பார்த்தால், பணத்தைவிட அலுவலகங்களின் பிரிவினையில் இருக்கிறது. கலைஞர்கள் கலை பண்பாட்டுத் துறைக்கும் இயல் இசை நாடக மன்றத்துக்கும் உரியவர்கள். கைவினைஞர்கள் பூம்புகார் கைத்திறத் தொழில்கள் வளர்ச்சிக் கழகத்துக்கு உரியவர்கள். பூம்புகார், அம்பாசமுத்திரம் பக்கத்து வாகைக்குளத்து வெண்கல வேலையை உருளியாகவும் விளக்காகவும் பார்க்கிறது. மன்றம், நலிந்த கலைஞர்கள் இசைக்கருவி வாங்க நிதியுதவி தருகிறது. அந்த உதவித்தொகை தாளத்துக்குச் செலவாகும்போது போய்ச் சேரும் இடம் அதே பாத்திரக் கடைதான். தொகையை ஒரு பைசா கூட்டாமலே இதை மாற்றலாம். பணத்தைக் கையில் கொடுப்பதற்குப் பதிலாக, செட்டுகளுக்கு வேலை ஓயும் ஐப்பசியில் தாளக்காரர்களையும் தவில்காரர்களையும் வெண்கலப் பட்டறைக்கு அழைத்துப்போய், இரண்டு நாள் இருக்கவிட்டு, அவர்கள் அடித்துப் பார்த்துக் கடையச் சொன்ன ஜோடியை அவர்களுக்கே கொடுக்க வேண்டும். ஒவ்வொரு ஜோடியிலும் கன்னாரின் பெயரும் ஊரும் பொறித்திருக்க வேண்டும். பங்குனி, சித்திரையில் அது கொடைகளில் அடிபட்டு, அடுத்த ஐப்பசியில் மறுபடி அதே பட்டறைக்கு வர வேண்டும்.