பன்னீர் என்றொரு பொய்

அம்மா சிங்கப்பூருக்கு வந்த பதினோராம் நாள் அவளிடம் ஒரு பொய் சொன்னேன்.

தட்டில் கிடந்த பொன்னிறத் துண்டை விரலால் நகர்த்திப் பார்த்துவிட்டு, "ஏளா, இது என்னது?" என்று கேட்டாள்.

"பன்னீர்தாம்மா. சாப்பிடு."

சாப்பிட்டாள். இன்னும் இரண்டு துண்டு கேட்டு வாங்கிக்கொண்டாள். பரீட்சையில் தேறிவிட்ட பிள்ளையைப் போல நான் அடுப்படியில் நின்று சிரித்துக்கொண்டிருந்தேன்.

அது பன்னீர் இல்லை, தவ் குவா. சோயா மொச்சைப் பாலைத் திரித்து, அழுத்திக் கட்டியாக்கிய டோஃபு. இங்கேயே பிறந்து வளர்ந்த தமிழர்கள் அதைத் 'தவ்வு' என்பார்கள். ஹொக்கியன் சீனர்கள் சொல்லும் 'தவ் ஹு' மலாய்க்காரர்கள் வாயில் 'தவ்ஹு' ஆகி, நம்மவர்கள் நாக்கில் 'தவ்வு' என்று உட்கார்ந்துகொண்டது. தேக்கா பக்கம் இந்திய ரோஜாக் கடையில் கண்ணாடிக்குப் பின்னால் அடுக்கி வைத்திருக்கும் பலகாரங்களில் அதுவும் ஒன்று. மீ கோரெங்கிலும் துண்டுதுண்டாகக் கிடக்கும். அதாவது, இந்த ஊர்த் தமிழருக்கு அது அந்நியமே இல்லை. திருநெல்வேலியிலிருந்து வந்த என் அம்மாவுக்குத்தான் அந்நியம்.

அப்பா போய் ஏழு மாதம் ஆகியிருந்தது. அம்மா பாதியாக இளைத்திருந்தாள். புரதம் போதவில்லை என்று ஊரில் டாக்டர் சொல்லி அனுப்பியிருந்தார். பருப்பு என்றால் வாயு என்பாள். பால் பிடிக்காது. முட்டை என்ற வார்த்தையையே எங்கள் வீட்டில் தாழ்ந்த குரலில்தான் சொல்லுவோம். ஏழு தலைமுறை சைவம் என்பது அப்பாவின் கணக்கு. மிச்சம் இருந்தது சோறும் ரசமும்தான். அதையும் இரண்டு கைப்பிடிக்கு மேல் தொடமாட்டாள். நூறு கிராம் தவ் குவாவில் பத்து கிராமுக்குக் குறையாமல் புரதம் இருக்கிறது. எங்கள் புளோக்குக்குக் கீழே இருக்கிற ஈரச்சந்தையில் தினமும் புதிதாக வருகிறது. விலையும் சல்லிசு. உண்மையைச் சொன்னால் தொடமாட்டாள், பொய் சொன்னால் உடம்பு தேறும். எனக்கு அது ஒரு பெரிய தவறாகவே அப்போது தோன்றவில்லை.

பதின்மூன்றாம் நாள் மாட்டிக்கொண்டேன். மோர் எடுக்கக் குளிர்பதனப் பெட்டியைத் திறந்த அம்மா அதன் முன்னாலேயே நின்றுகொண்டிருந்தாள். கையில் ஒரு நீள உருளைப் பொட்டலம். உறையில் முட்டைப் படம். அது முட்டை டோஃபு. சோயாப் பாலோடு முட்டை கலந்து செய்வது. என் மகனுக்காக வாங்கியது.

"இதைத்தான் எனக்குப் போட்டியா?"

"ஐயோ, இல்லம்மா. அது வேற, இது வேற. உனக்குப் போட்டது இந்தா, இதுல முட்டையே கிடையாது." தவ் குவா பொட்டலத்தை எடுத்து நீட்டினேன்.

"அப்போ பன்னீர்னு சொன்னது?"

பதில் இல்லை.

"அது பொய்யின்னா, இது நிசம்னு நான் எப்படி நம்புதது?"

கத்தவில்லை. அதுதான் கஷ்டம். பெட்டியை மூடிவிட்டு அப்பா படத்துக்கு முன்னால் போய் உட்கார்ந்துகொண்டாள். அன்று ராத்திரியிலிருந்து தனக்கென்று ஒரு சின்னப் பாத்திரத்தை எடுத்து வைத்துக்கொண்டு, தானே சோறு பொங்கி, தானே மோர் விட்டுக் கரைத்துக் குடித்தாள். நான் வைத்த ரசத்தைக்கூடத் தொடவில்லை. உண்மையாகவே அவள் வாயில் முட்டை படவில்லை. ஆனால் அதைச் சொல்லும் உரிமையை நான் இழந்துவிட்டிருந்தேன். ஒரு பொய் அதற்குப் பின்னால் வரும் உண்மையையெல்லாம் கெடுத்துவிடுகிறது. பால் குடத்தில் விழுந்த உப்புக்கல் மாதிரி.

டோஃபு செய்வதும் கிட்டத்தட்ட அப்படித்தான். ராத்திரி ஊறவைத்த சோயா மொச்சையை அரைத்து, துணியில் வடிகட்டி, பாலைக் கொதிக்க வைத்து, ஜிப்சத்தையோ கடல்நீரிலிருந்து எடுக்கும் கசப்பு உப்பையோ கரைத்து விடுவார்கள். பால் திரியும். திரிந்ததைத் துணியில் கட்டி மேலே பாரம் வைத்தால் கட்டி. பாரம் கூடினால் தவ் குவா, அழுத்தாமல் விட்டால் இளசு. சீனாவில் ஹான் வம்சத்து இளவரசர் லியூ ஆன் கண்டுபிடித்தார் என்பது கதை. எழுத்தில் உறுதியாகக் கிடைப்பது 10ஆம் நூற்றாண்டில்தான். ஜப்பானில் 1782இல் டோஃபுவுக்கென்றே நூறு சமையல் குறிப்புகளோடு ஒரு புத்தகம் வந்தது. பத்து வருஷம் கழித்து சீனக் கவிஞர் யுவான் மெய் எழுதிய சமையல் நூலிலும் டோஃபு வகைகள் உண்டு. பக்குவமாகச் சமைத்த டோஃபு பறவைக்கூட்டைவிட உசத்தி என்பது அவர் கட்சி. இதையெல்லாம் நான் ஆசையாகப் படித்து வைத்திருந்தேன். அம்மாவிடம் சொல்ல வாய் வரவில்லை. எங்கள் ஊரில் பால் திரிந்தால் அபசகுனம்.

பத்தொன்பது நாள் மோர்ச்சோறு ஓடியது.

அதற்குப் பிறகு வந்தது ஓர் அமாவாசை. அப்பா போனதிலிருந்து அமாவாசைக்கு அம்மா ஒருபொழுது. அன்று வெங்காயம், பூண்டு சேர்க்கமாட்டாள். ஊரிலிருந்து வரும்போதே தினசரி நாட்காட்டியைத் துணிக்கு நடுவில் சுற்றிக் கொண்டுவந்திருந்தாள். காலையில் தாளைக் கிழித்துக்கொண்டிருந்தபோது எதிர்வீட்டு ஆண்ட்டி கம்பிக் கதவைத் தட்டினார். எழுபது தாண்டிய சீனக் கிழவி. கையில் ஒரு மூடிய தட்டு.

"டுடே வெஜிடேரியன். நோ ஆனியன், நோ கார்லிக்" என்றார்.

அம்மா திரும்பிப் பார்த்தாள். "அவளுக்கு எப்படித் தெரியும் இன்னைக்கு அமாவாசைன்னு?"

ஆண்ட்டிக்கு அது அமாவாசை இல்லை, சீன மாதத்தின் முதல் தேதி. முதல் தேதியும் பதினைந்தாம் தேதியும் அவர் சைவம். சந்திரனைப் பார்த்துக் கணக்கு வைப்பவர்கள் என்பதால் அவர்களுடைய முதல் தேதி நம் அமாவாசையன்றோ மறுநாளோ வந்துவிடும். பதினைந்து பௌர்ணமியை ஒட்டி. நான் விளக்கி முடிப்பதற்குள் அம்மா நாட்காட்டியைத் தூக்கிக்கொண்டு எதிர்வீட்டு வாசலுக்கே போய்விட்டாள். அங்கே கூடத்துச் சுவரில் ஆண்ட்டியின் நாட்காட்டி. அதுவும் தினம் ஒரு தாள் கிழிப்பது. இரண்டு கிழவிகளும் ஆளுக்கொரு தாளில் விரல் வைத்து, ஒருவர் பாஷை மற்றவருக்குத் தெரியாமல், தலையை ஆட்டிக்கொண்டு நின்றார்கள்.

"எப்படிப் பண்ணினாள்னு கேளு" என்றாள் அம்மா. ஆண்ட்டி கேட்டுச் சொல்லவில்லை, செய்தே காட்டினார். தவ் குவாவைத் துணியில் ஒற்றி ஈரம் எடுத்தார். வாணலி நன்றாகக் காய்ந்த பிறகுதான் எண்ணெய். துண்டுகளைப் போட்டுவிட்டுத் தொடவே இல்லை. அடி சிவந்ததும் தானாக விட்டுக் கொடுத்தது. அப்போதுதான் திருப்பினார். பிறகு இஞ்சி வில்லைகள், ஊறவைத்த காளான், சோயா சாஸ், அரை டம்ளர் தண்ணீர். மூடி வைத்து வற்றவிட்டு, இறக்கும்போது இரண்டு சொட்டு எள்ளெண்ணெய். அம்மா முகர்ந்து பார்த்தாள். "நம்ம நல்லெண்ணெய்தான். எள்ளைக் கருக வறுத்துட்டா."

அங்கேயே உட்கார்ந்து சாப்பிட்டாள். காளானை மட்டும் ஓரமாக ஒதுக்கினாள். நான்கு துண்டு.

எனக்கு நிம்மதியாக இருந்திருக்க வேண்டும். இல்லை. பெற்ற மகள் வீட்டில் தண்ணீர் மோரும், முன்பின் தெரியாதவர் வீட்டில் நான்கு துண்டும். வீட்டுக்கு வந்து குளியலறைக் குழாயைத் திறந்துவிட்டு அழுதேன்.

தட்டை வெறுமனே திருப்பித் தரக் கூடாதே. அடுத்த பதினைந்தாம் தேதி அம்மா அதில் கடலைச் சுண்டல் வைத்து அனுப்பினாள். வெங்காயம் இல்லாத குறையைப் பெருங்காயத்தால் தீர்த்திருந்தாள். ஆண்ட்டி ரசித்துச் சாப்பிட்டார். இரண்டு நாள் கழித்து வேறு எதையோ தேடப்போய், சீன பௌத்தர்கள் விலக்கும் ஐந்து காரங்களின் பழைய பட்டியலைப் படித்தேன். பூண்டு, வெங்காய வகைகளோடு அதில் பெருங்காயமும் இருந்தது. வெங்காயத்துக்குப் பதிலாக நாம் எதைப் போடுகிறோமோ, அதையே அவர்கள் வெங்காயத்தோடு சேர்த்து விலக்கியிருக்கிறார்கள்.

சொல்லாமல் விட்டுவிடலாம். ஆண்ட்டிக்குத் தெரியவா போகிறது? அந்த நினைப்பு வந்த வேகத்தைப் பார்த்து எனக்கே திக்கென்றது. நேரே போய்ச் சொன்னேன். அவர் கொஞ்ச நேரம் யோசித்தார். எங்கள் அம்மா இதைப் பற்றிச் சொன்னதே இல்லையே என்றார். பிறகு, மற்ற நாளில் பரவாயில்லை, அந்த இரண்டு நாளில் மட்டும் வேண்டாம் என்றார்.

வந்து அம்மாவிடம் சொன்னேன். பெருங்காயத்தைக்கூடவா விலக்குவார்கள் என்று கேலி செய்வாள் என்று எதிர்பார்த்தேன். அம்மா முறத்தைக் கீழே வைத்துவிட்டுச் சொன்னாள்: "அவளுக்கு ஆகாதுன்னா ஆகாது. அதுல நமக்கு என்ன கேள்வி?"

அந்த வாக்கியம் யாருக்காகச் சொல்லப்பட்டது என்று இன்றுவரை தெரியாது. எனக்குச் சொன்னதாகவே எடுத்துக்கொண்டேன். அம்மாவின் உடம்புக்கு நல்லது எது என்று நான் கணக்குப் போட்டேன். அவளுக்கு எது ஆகும், எது ஆகாது என்பது அவள் கையில் இருக்க வேண்டியது. கணவனும் போய், வீடும் ஊரும் விட்டு வந்தவளிடம் மிச்சம் இருந்த ஒரே அதிகாரம் அது. அதைத்தான் நான் ஒரு கரண்டி எண்ணெயில் பொரித்துவிட்டிருந்தேன்.

"தப்புத்தாம்மா" என்றேன். "பன்னீர்னு சொன்னது."

அவள் ஒன்றும் சொல்லவில்லை. மறுநாள் காலை அடுப்படியில் முக்காலியைப் போட்டு உட்கார்ந்துகொண்டு, "அந்தப் பொட்டலத்தை எடு. என்ன எழுதியிருக்குன்னு படி" என்றாள்.

படித்தேன். சோயா மொச்சை, தண்ணீர், கால்சியம் சல்பேட்.

"அது என்னது?"

"ஜிப்சம்மா. மண்ணுலேருந்து எடுக்கிற ஒருவகைக் கல்லு."

"வெத்தலைக்குச் சுண்ணாம்பு போடுத மாதிரி." தானே தீர்ப்புச் சொல்லிக்கொண்டாள். "சரி, பண்ணு."

அன்றிலிருந்து எங்கள் வீட்டில் இது ஒரு வழக்கமாகிவிட்டது. கடைக்கு அவளும் வருவாள். சீன எழுத்தில் ஒன்றே ஒன்றை அவளுக்குக் கற்றுக்கொடுத்தேன். 'சூ' என்று உச்சரிப்பார்கள், சைவம் என்று பொருள். மேலே மூன்று படுக்கைக் கோடு, நடுவில் ஒரு குத்துக் கோடு, கீழே நூல்கண்டு தொங்குவது மாதிரி. அந்த நூல்கண்டு நிஜமாகவே பட்டு நூல்தான். சாயம் ஏற்றாத வெண்பட்டு என்பது அந்த எழுத்தின் பழைய அர்த்தம். அம்மாவுக்கு அது பிடித்துப்போனது. சிப்பிச் சாறு கலந்த சாஸ் புட்டிகளையும், சைவர்களுக்கென்று காளானில் செய்த சாஸ் புட்டிகளையும் ஒரே அலமாரியில் அடுக்கியிருப்பார்கள். அம்மா கண்ணாடியை மூக்கில் ஏற்றி, நூல்கண்டு தொங்குகிறதா என்று பார்ப்பாள். எனக்குத் தப்பிய ஒரு புட்டியை அவள் கண்டுபிடித்துத் திருப்பி வைத்ததும் உண்டு.

வாரத்துக்கு மூன்று முறை டோஃபு. இளசான கட்டியை முழுசாகக் கிண்ணத்தில் வைத்து, இட்லிக் கொப்பரையில் எட்டு நிமிஷம் ஆவி. வடிந்த தண்ணீரைக் கொட்டிவிட்டு, துருவிய இஞ்சி, ஒரு கரண்டி சோயா சாஸ், மேலே சூடான எண்ணெய். சுர்ரென்று சத்தம் வந்தால் சரி. பல் போனவர்களும் சாப்பிடலாம். தவ் குவா என்றால் உப்புப் போட்ட வெந்நீரில் பத்து நிமிஷம் கிடக்கட்டும். உள்ளே உப்பும் ஏறும், பச்சை மொச்சை வாசனையும் போகும். ஈரம் துடைத்து, ஆண்ட்டி சொன்னபடி வறுத்து, மிளகைத் தட்டிப் போட்டால் சோற்றுக்கு ஆகும். அவ்வளவுதான் சமையல். மகனுக்கு முட்டை டோஃபு தனிச் சட்டியில், தனிக் கரண்டியில்.

ஊருக்குப் போவதற்கு முந்தின வாரம் அம்மா சொதி வைத்தாள். எங்கள் பக்கத்து மறுவீட்டுச் சாப்பாடு அது. தேங்காய்ப்பால், பாசிப்பருப்பு, முருங்கைக்காய், இஞ்சிச் சாறு. அடுப்பை அணைப்பதற்கு முன்னால் இளசான டோஃபுவை உள்ளங்கையில் வைத்தே கத்தியால் நறுக்கி, நழுவவிட்டாள். வெள்ளைக்குள் வெள்ளை. "உருளைக்கிழங்குக்குப் பதிலா போட்டேன். என்ன இப்போ?" என்றாள். மகன் மூன்று தடவை வாங்கிச் சாப்பிட்டுவிட்டு, "ஆச்சி, இது என்னது?" என்று கேட்டான்.

அம்மா என்னை ஒரு பார்வை பார்த்தாள். "தவ்வு" என்றாள்.

போன மாதம் பாளையங்கோட்டையிலிருந்து போன் வந்தது. அங்கே கடையில் டோஃபு கிடைக்கிறதாம். விலைதான் கூட. வாங்கிச் சொதியில் போட்டிருக்கிறாள். நன்றாக இல்லை, தடித்துப் போயிருக்கிறது என்றாள். பிறகு குரல் மாறியது.

"ஏளா, அந்த உறையில என்ன போட்டிருக்கான் தெரியுமா?"

"என்னம்மா?"

"சோயா பன்னீராம். உன் பொய்யை இங்க அச்சடிச்சே விக்கான்."

சிரித்தாள். அப்பா போனதற்குப் பிறகு அவள் அப்படிச் சிரித்து நான் கேட்டதில்லை. நானும் சிரித்தேன். சிரிப்பு ஓய்ந்ததும், அடுத்த அமாவாசை எதிர்வீட்டுக்காரிக்கு அன்றைக்கா மறுநாளா என்று பார்த்துச் சொல்லச் சொன்னாள்.