கோப்பையின் அடியில் யார் பெயர்?

சென்னையில் மட்பாண்டக் கலை பயின்ற நண்பர் ஒருவர், “புதுச்சேரிக் கோப்பைகளைப் பற்றி எழுதுவதென்றால் கடையில் பார்த்து எழுதாதீர்கள், சூளை எரிகிற நாளில் போங்கள்” என்று சொல்லி, ஒரு பட்டறைக்கு வழியும் சொன்னார். ஆரோவில் பக்கம் முந்திரித் தோப்புகளைத் தாண்டிச் செம்மண் பாதையில் இருந்தது அது. தகரக் கூரையின் கீழே சக்கரங்கள், பின்கட்டில் செங்கல் சூளை, அதன் இருபுறமும் ஆள் உயரத்துக்குச் சவுக்கு விறகு.

இந்த வட்டாரத்தில் இத்தனை பட்டறைகள் முளைத்ததற்கு ஒரு தொடக்கம் உண்டு. அமெரிக்காவிலிருந்து வந்த ரே மீக்கரும் டெபோரா ஸ்மித்தும் 1971இல் புதுச்சேரியில் கோல்டன் பிரிட்ஜ் பாட்டரியைத் தொடங்கினார்கள். டெபோரா ஜப்பானில் தொழில் பழகியவர். 1,000 டிகிரிக்குக் கீழே மண்ணைச் சுட்டுப் பழகிய ஊருக்கு, 1,280 டிகிரியைத் தாண்டிச் சுடும் ஸ்டோன்வேர் வந்தது. நம் மண்பானையில் நீர் கசியும். அந்தக் கசிவால்தான் தண்ணீர் குளிர்கிறது. ஸ்டோன்வேரில் மண் இறுகிக் கல்லாகிவிடும், சொட்டு நீர் வெளியேறாது. இன்று நாடறிந்த பீங்கான் கலைஞர்கள் பலர் அங்கே படித்தவர்கள். அதே கூரையின் கீழ், சுற்றியுள்ள கிராமங்களிலிருந்து கூலிக்கு வந்தவர்களும் கற்றுக்கொண்டார்கள். அவர்களில் சிலர் வெளியே வந்து சொந்தமாகச் சூளை கட்டினார்கள். நான் பார்க்கப் போனவர் அப்படித் தனியே வந்த ஒருவரிடம் தொழில் பழகியவர்.

“பேரைப் போட்டுடாதீங்க தம்பி. கடைக்காரங்க பாத்தா ஆர்டர் நின்னுடும்” என்றார். ஆகவே அண்ணன் என்றே எழுதுகிறேன்.

வில்லியனூர்ப் பக்கத்துக் குயவர் குடும்பம் அவருடையது. அப்பா சட்டி பானையோடு ஐயனார் குதிரையும் செய்தவர். அடுப்படிக்குள் அலுமினியமும் பிளாஸ்டிக்கும் நுழைந்தபின், பொங்கலுக்குப் பானையும் கார்த்திகைக்கு அகலும் மட்டுமே மிஞ்சின. பள்ளிக்கூடத்தைப் பாதியில் விட்டுவிட்டு, மண் பிசைகிற வேலைக்கு வந்து சேர்ந்தார். “மண்ணு எனக்குப் புதுசு இல்ல. நெருப்புதான் புதுசு” என்றார். அப்பாவின் சூளையில் பானைகளை அடுக்கி, வைக்கோலும் வறட்டியும் மூடி, மேலே சேறு பூசித் தீ வைத்துவிட்டு வீட்டுக்குப் போய்விடலாம். இங்கே சூளையை விட்டு ஒரு நாழிகை நகர முடியாது.

மண் கலவை, மெருகுக் கலவை பற்றியெல்லாம் பொறுமையாக விளக்கினார். அளவுகளை நான் பின்தொடரவில்லை. உமிச்சாம்பலும் விறகுச் சாம்பலும் மற்றக் கலவைப் பொடிகளோடு சேர்ந்து உருகிக் கோப்பையின் மேல் கண்ணாடியாகப் படிகின்றன என்பது மட்டும் மனத்தில் தங்கியது.

அன்று விடியும் முன்பே தீ மூட்டியிருந்தார்கள். முதலில் ஈரம் போகச் சின்னத் தீ. அவசரப்பட்டால் பாண்டம் வெடிக்கும். உச்சி வெயிலுக்குப் பிறகுதான் விறகு வேகமாக உள்ளே போனது. இரண்டு மூன்று பிளந்த கட்டைகளைப் போட்டவுடன் புகைபோக்கியில் கரும்புகை எழும்புகிறது. அது தெளியும்வரை காத்திருந்து அடுத்த விறகு. புகை தெளியுமுன் போட்டால் உள்ளே காற்று போதாமல் வெப்பம் இறங்கும், தாமதித்தாலும் இறங்கும். இடையில் வேண்டுமென்றே காற்றைக் குறைத்துச் சூளையை மூச்சுத் திணற வைக்கிற கட்டமும் உண்டு. அப்போதுதான் மெருகில் உள்ள இரும்பு இளம்பச்சையாகவும் செம்பு சிவப்பாகவும் மாறும்.

இருட்டியபின் அண்ணன் ஒரு செங்கல்லை உருவி, உள்ளே பார்க்கச் சொன்னார். வெண்மஞ்சள் ஒளியைத் தவிர எனக்கு ஒன்றும் தெரியவில்லை. அவருக்குத் தெரிந்தது. உரிய வெப்பத்தில் வளைகிற ‘கோன்’ என்னும் சிறு மண்கூம்புகளை உள்ளே வைத்திருப்பார்கள். “மேல் தட்டுல தல சாஞ்சிடுச்சு, கீழ இன்னும் நிக்குது” என்று சொல்லி, புகைபோக்கித் தகட்டைச் சற்று உள்ளே தள்ளினார். எந்த வெப்பமானியும் பார்க்காமல் எடுத்த முடிவு அது. 40 ஆண்டுகளாகத் தீயைப் பார்த்த கண் இது. இதற்குச் சான்றிதழ் தரும் கல்லூரி எதுவும் இல்லை.

சக்கரத்துக்குப் பக்கத்தில், அடுத்த சூளைக்கான கோப்பைகளின் அடியை ஈரப் பஞ்சால் துடைத்துக்கொண்டிருந்தார்கள் இரண்டு பெண்கள். அடியில் துளி மெருகு ஒட்டியிருந்தாலும் உருகித் தட்டோடு பிடித்துக்கொள்ளும். கோப்பையும் போகும், தட்டும் போகும். துடைத்துக் காய்ந்த அடிகளைப் பார்த்தேன். ஒரு வரிசையில் பெருநகரக் கடை ஒன்றின் முத்திரை. இன்னொரு வரிசையில் எதுவுமே இல்லை. பட்டறையின் முத்திரை எங்கே என்று கேட்டேன். “அது வேணாம்னு சொல்லிட்டாங்க” என்றார் அண்ணன்.

விற்றபின்தான் பணம் என்பது கடைகளின் ஒப்பந்தம். அது மாதக்கணக்கில் இழுக்கும். வழியில் உடைந்தது பட்டறைக் கணக்கில். நிறம் ஒரு சாயல் மாறினால் திருப்பி அனுப்புவார்கள். விறகுத் தீயில் நிறம் மாறாமல் இருக்காது என்பது அவர்களுக்குத் தெரியாததல்ல. விறகுக்கோ அன்றே பணம் எண்ணி வைக்க வேண்டும். 2011 டிசம்பர் இறுதியில் தானே புயல் இந்தக் கரையின் சவுக்கையும் முந்திரியையும் சாய்த்துப் போட்டபின் விறகுக்கு அலைந்த கதையை இன்றும் சொல்கிறார். அந்த நாளிலும் கடை ஒரு ரூபாய் ஏற்றித் தரவில்லை. பெயரை அழிப்பதற்கும் காரணம் பணமே. பெயர் தெரிந்தால் வாங்குகிறவர் நேரே வந்துவிடுவார். விலை எவ்வளவு ஏறியிருக்கிறது என்பதும் தெரிந்துவிடும். ‘கைவினை’ என்று அட்டை கட்டி விற்கிறவர்கள், அந்தக் கை யாருடையது என்பதை மறைத்துச் சம்பாதிக்கிறார்கள்.

இதே புதுச்சேரிக் கரையில் பழைய துறைமுகமான அரிக்கமேடு இருக்கிறது. 1945இல் தொல்லியலாளர் மார்ட்டிமர் வீலர் அங்கே அகழ்ந்தபோது, இத்தாலியிலிருந்து கப்பலேறி வந்த சிவப்புப் பாண்ட ஓடுகள் கிடைத்தன. சிலவற்றில் செய்தவர் முத்திரை இருந்தது. அந்த ஊரின் காலத்தைக் கணிக்க அவருக்குத் துணைநின்றவை அந்த ஓடுகள். அவ்வகைப் பாண்டங்களுக்குப் பேர்போன அரெஸ்ஸோ நகரப் பட்டறைகளில் உழைத்தவர்களில் பலர் அடிமைகள். முதலாளியின் பெயரோடு அடிமையின் பெயரையும் சேர்த்துக் குத்திய முத்திரைகள் இத்தாலியில் ஏராளமாகக் கிடைத்திருக்கின்றன. கருணையால் அப்படிச் செய்திருக்க மாட்டார்கள், கணக்குக்காக இருக்கலாம். ஆனாலும் பெயர் நிலைத்தது. 2,000 ஆண்டுகளுக்கு முன் ஓர் அடிமைக்குக் கிடைத்தது, இன்று சுதந்திர நாட்டில் ஒரு தொழிலாளிக்கு மறுக்கப்படுகிறது.

கலை மையங்களும் கண்காட்சி நடத்துகிறவர்களும் நினைத்தால் இதை மாற்ற முடியும். சக்கரம் சுழற்றியவர், சூளை எரித்தவர், பட்டறை ஆகிய மூன்று பெயரும் இல்லாத பாண்டத்தைக் காட்சிக்கு வைப்பதில்லை என்று முடிவெடுக்கலாம். சரக்கு இறங்கும்போதே பாதிப் பணம் தராத கடையோடு சேர்ந்து விழா எடுக்காமல் இருக்கலாம். வாங்குகிற நாமும் கடையில் கோப்பையைத் தலைகீழாகத் திருப்பிப் பார்த்து, “இதைச் செய்தவர் யார்?” என்று கேட்க வேண்டும். பதில் வராவிட்டால் அங்கேயே வைத்துவிட்டு, நேரே பட்டறைக்குப் போய் வாங்க வேண்டும். சூளைக்காரர் சொல்லும் விலையை, பேரம் பேசாமல் கொடுக்க வேண்டும்.