கமுகு மட்டையில் கூட்டாஞ்சோறு

எங்கள் வீட்டில் வாசிக்கிறவருக்குத் திருகை கிடையாது. ஆச்சி போட்ட சட்டம். தொலி உளுந்தையும் கொஞ்சம் பச்சரிசியையும் வாசம் வருகிற வரை வறுத்து ஆற வைத்திருப்பாள். அக்கா ஒரு பக்கம், நான் ஒரு பக்கம் காலை நீட்டி உட்கார்ந்து திருகைக் குச்சியைப் பிடித்துச் சுற்ற வேண்டும். யார் புத்தகத்தை எடுத்து ஆச்சி காதில் விழுகிற மாதிரி உரக்க வாசிக்கிறார்களோ அவர்கள் தப்பித்தார்கள். எங்களுக்குச் சரளமாக வாசிக்க வந்ததற்குப் பள்ளிக்கூடத்தைவிடத் திருகைப் பயம்தான் காரணம் என்று இன்றும் அக்கா சொல்வாள்.

ஆச்சிக்குக் கைநாட்டுதான். ஆனால் நாம் ஒரு வரியைத் தாண்டினால் கண்டுபிடித்துவிடுவாள். "ஏட்டி, நடுவுல என்னத்த முழுங்குத? இப்பதான அவன் குதிரையில ஏறுனான், அதுக்குள்ள எப்படி இறங்குனான்?" என்பாள். தாண்டிய பக்கத்துக்குத் திரும்பிப் போயாக வேண்டும்.

1970களின் கடைசி. திருநெல்வேலி டவுனில் ரத வீதியை ஒட்டிய சந்துக்குள் ஒரு வளவு, அதில் நடுவீடு எங்களுடையது. சாயங்காலம் திருகைச் சத்தம் கேட்டால் பக்கத்து வீட்டு மதினியும் எதிர்வீட்டு அத்தையும் முருங்கைக்கீரையை மடியில் போட்டுக்கொண்டு உருவ வந்துவிடுவார்கள். கீரைக்கு அவர்கள் வீட்டிலேயே இடமிருந்தது, கதைக்காகத்தான் வருவது. அம்மா அடுப்படியிலிருந்தே கேட்பாள். தாளிக்கிற சத்தத்தில் ஏதாவது தவறிவிட்டால் கரண்டியோடு வாசலுக்கு வந்து, "அதைத் திரும்ப வாசி" என்பாள்.

புத்தகங்களுக்குக் குறைவில்லை. அப்பா கூட்டுறவுச் சங்கத்தில் கணக்கு எழுதினார். சம்பளம் எப்படியும் இருபதாம் தேதிக்குள் தீர்ந்துவிடும், ஆனால் கிளை நூலகத்து அட்டை தீராது. அம்புலிமாமா வந்தது. ஆனித் தேரோட்டச் சமயத்தில் பொருட்காட்சிக்குப் போனால் மாஸ்கோவில் அச்சான தமிழ்ப் புத்தகங்கள் மலிவாகக் கிடைக்கும். அந்தத் தாளின் வழவழப்பு வேறு எந்தப் புத்தகத்திலும் இல்லை. பெரியசாமித் தூரன் பதிப்பித்த குழந்தைகள் கலைக்களஞ்சியத்தை நூலகத்தில் வீட்டுக்குத் தர மாட்டார்கள், அங்கேயே உட்கார்ந்து பார்க்க வேண்டும். ஞாயிற்றுக்கிழமை குறுக்குத்துறையில் குளித்துவிட்டு ஈரத் தலையோடு அதைப் புரட்டப் போய்த் திட்டு வாங்கியிருக்கிறோம்.

அரைத்த மாவு களியாகும். உடன்குடிக் கருப்பட்டியைக் கரைத்து வடிகட்டிக் கொதிக்க விட்டு, மாவைத் தூவித் துடுப்பால் கிண்டிக்கொண்டே நல்லெண்ணெயை ஊற்றுவாள் ஆச்சி. கையை நனைத்துத் தொட்டுப் பார்த்து, ஒட்டாமல் வந்தால் இறக்குவாள். உருண்டையின் நடுவில் குழி செய்து அதிலும் எண்ணெய். பொம்பளப் பிள்ளைகள் இடுப்புக்கு உரம் என்று எங்களுக்கு ஒரு உருண்டை கூட விழும், தம்பி அழுவான். இப்போது அதே மாவைப் பளபளக்கும் பையில் அடைத்து, இரும்புச் சத்து இவ்வளவு, புரதம் இவ்வளவு என்று அச்சடித்து விற்கிறார்கள். வாங்கிக் கிண்டியும் பார்த்தேன். ருசி மோசமில்லை, மாவுதான் ரொம்ப நைசு. பல்லில் கொஞ்சம் நெறுநெறுக்காத களியை நான் களி என்று ஒப்புக்கொள்வதில்லை.

ஒரு ஆனி மாதம் அத்தை வீட்டிலிருந்து ஐந்து தடித்த பைண்டுகள் வந்து சேர்ந்தன. 1950லிருந்து 1954 வரை கல்கி பத்திரிகையில் வந்த பொன்னியின் செல்வன். மாமா வாராவாரம் கிழித்துச் சேர்த்துத் தைத்தது. மணியம் வரைந்த படங்களோடு பழைய விளம்பரங்களும் அங்கங்கே ஒட்டிக்கொண்டிருந்தன. அப்பா திருகைச் சட்டத்தை ஒதுக்கிவைத்து, இதைத் தானே வாசிப்பதாகச் சொல்லிவிட்டார். எங்களுக்கு நஷ்டம்தான்.

கதை ஆடிப்பெருக்கன்று வீரநாராயண ஏரிக்கரையில் தொடங்குகிறது. வந்தியத்தேவன் குதிரையில் வருகிறான். ஊர்ச் சனமெல்லாம் ஏரிக்கரைக்கு வந்து கூட்டாஞ்சோறும் சித்திரான்னமும் கமுகு மட்டையில் போட்டுச் சாப்பிடுகிறார்கள். அந்த இடத்தில் ஆச்சி திருகையை நிறுத்தினாள்.

"அந்தக் கூட்டாஞ்சோத்துல முருங்கைக்கீரை போட்டாவளா?"

அப்பா மேலும் கீழும் பார்த்துவிட்டு, "அது எழுதலையேம்மா" என்றார்.

"வடகம்?"

"அதுவும் இல்ல."

"குதிரையப் பத்தி அத்தனை எழுதத் தெரியுது" என்று சொல்லிவிட்டு மறுபடி சுற்ற ஆரம்பித்தாள்.

ஆடிப்பெருக்கு காவிரிக்காரர்களின் பண்டிகை. எங்கள் பக்கம் அதற்கு அவ்வளவு ஆர்ப்பாட்டம் இல்லை. எங்களுக்கு ஆடி என்றால் குற்றாலத்துச் சாரல். ஆரியங்காவுக் கணவாய் வழியாக மேல்காற்று புகுந்து வரும். மலைக்கு அந்தப் பக்கம் கொட்டித் தீர்த்த மழை இந்தப் பக்கம் வரும்போது தூறலாகிவிடும். வெயிலும் அடிக்கும், முகமும் நனையும். எப்படியும் வருஷத்துக்கு ஒரு தரம் போவோம். அந்த வருஷம் புளிச்சோறு கட்ட வேண்டாம், அங்கே போய்க் கூட்டாஞ்சோறு ஆக்குவோம் என்று ஆச்சி சொல்லிவிட்டாள். மட்டையில்தான் சாப்பிட வேண்டும் என்றது தம்பி.

செங்கோட்டை பாசஞ்சர் மீட்டர் கேஜில் மெதுவாகப் போகும். கரி கண்ணில் விழும். ஒவ்வொரு ஸ்டேஷனுக்கும் அப்பாவிடம் ஒரு கதை இருக்கும், ஆச்சியிடம் வேறொன்று இருக்கும். சேரன்மகாதேவி வந்ததும், இங்கேதான் வ.வே.சு. ஐயர் குருகுலம் நடத்தினார், சில பிள்ளைகளை மட்டும் தனியாக உட்கார வைத்துச் சோறு போட்டதில் பெரிய சண்டை மூண்டது என்றார் அப்பா. தன் அக்காளைக் கட்டிக் கொடுத்த ஊர் என்று சொல்ல வாயெடுத்த ஆச்சி நிறுத்திவிட்டாள். "பச்சப்பிள்ளையளுக்குப் போடுத சோத்துலயா?" என்று மட்டும் கேட்டாள். காருகுறிச்சியில் அவள் கை ஓங்கியது. அருணாசலத்தின் நாகசுரத்தை ஒரு கல்யாண வீட்டில் நேரில் கேட்டவள் அவள். அப்பா 'கொஞ்சும் சலங்கை' படத்தில் கேட்டதோடு சரி. கல்லிடைக்குறிச்சியில் யார் வீட்டு அப்பளம் எண்ணெய் குடிக்காது என்று ஒரு பட்டியல் சொன்னாள். கீழக்கடையத்தில் அப்பாவுக்குக் குரலே மாறிவிடும். பாரதி சிறையிலிருந்து வெளியே வந்து 1918 கடைசியில் குடும்பத்தோடு தங்கின ஊர், செல்லம்மாள் பிறந்த ஊர். "பாவம், அந்தப் பிள்ள என்னத்த வச்சு ஆக்கிப் போட்டாளோ" என்றாள் ஆச்சி.

தென்காசியில் இறங்கினால் குற்றாலம் 5 கிலோமீட்டர், பஸ்ஸில் போய்விடலாம். எண்ணெய் தேய்க்காமல் அருவிக்குள் போகக்கூடாது. மிளகு போட்டுக் காய்ச்சிய நல்லெண்ணெயை ஆச்சி உச்சியில் வைத்து அறைந்தாள். பேரருவியில் நின்றால் தலைமேல் ஆயிரம் விரல் ஒரே நேரத்தில் தட்டும். மேலிருந்து வருகிற தண்ணீர் நேராக விழுந்தால் யாரும் நிற்க முடியாது. பாறையிலேயே பொங்குமாங்கடல் என்கிற பள்ளம் இருக்கிறது, அதில் விழுந்து பொங்கி வழிவதால்தான் நாம் பிழைக்கிறோம் என்று அப்பா விளக்கினார். சத்தத்தில் பாதிதான் கேட்டது. வெளியே வந்தபோது தலையில் எண்ணெய்ப் பிசுக்கே இல்லை. பசி மட்டும் வயிற்றைப் பிறாண்டியது.

ஐந்தருவிக்குப் போகிற ரோட்டோரம் மூன்று கல்லைக் கூட்டினோம். விறகு ஈரம். அம்மா ஊதி ஊதிக் கண் சிவந்துவிட்டாள். துவரம்பருப்பு பாதி வெந்ததும் அரிசி, பிறகு கத்தரிக்காய், வாழைக்காய், முருங்கைக்காய், சீனியவரைக்காய், மஞ்சள், கொஞ்சம் புளித்தண்ணீர். தேங்காய், வத்தல், சீரகம், சின்ன உள்ளி சேர்த்து அரைத்த மசாலாவை வீட்டிலிருந்தே தூக்குவாளியில் கொண்டுவந்திருந்தாள். சோறு குழைந்து வரும்போது இரண்டு கை முருங்கைக்கீரை. கடைசியில் நல்லெண்ணெயில் வடகத்தைப் பொரித்துக் கொட்டினாள். அந்த வாசத்துக்குக் குரங்குகளும் வந்துவிட்டன. அக்கா கம்போடு காவல் நின்றாள்.

அப்பா பக்கத்துத் தோப்புக்காரரிடம் கேட்டு உதிர்ந்த கமுகு மட்டைகள் கொண்டுவந்தார். கழுவி விரித்துச் சுடச்சுடப் போட்டோம். மட்டையின் வளைவில் சோறு தானாக நடுவுக்கு வந்து நின்றது. ஆச்சி முதல் கவளத்தை மென்று முழுங்கிவிட்டு, "கல்கிக்கு இப்படித்தான் இருந்திருக்கும்" என்றாள். சாப்பிட்டு முடித்ததும் மிச்ச மட்டையில் தம்பியை உட்கார வைத்து, நுனியைப் பிடித்து இழுத்துக்கொண்டு ஓடினோம். அவன் வந்தியத்தேவன், நாங்கள் குதிரை.

மங்குஸ்தான் விலை அப்பாவுக்குக் கட்டுப்படியாகவில்லை. ஆளுக்கொன்று மட்டும் வாங்கினார். பழத்தின் அடியில் பூ மாதிரி இருக்கிற இதழ்களை எண்ணினால் உள்ளே எத்தனை சுளை என்று உடைக்காமலே சொல்லலாம். பழக்காரி சொல்லிக் கொடுத்தது. தம்பிக்கு வாய்த்ததில் ஏழு. அவனோடு அன்று முழுக்க யாரும் பேசவில்லை.

வாசிப்பு பனங்கிழங்கு வேக வைக்கிற தை வரை ஓடியது. நந்தினிக்கு நடந்தது நியாயமே இல்லை என்று ஆச்சியும் எதிர்வீட்டு அத்தையும் ஒரு கட்சி, அப்பா தனிக் கட்சி. அடுத்த ஆனியில் அவர் 'சிவகாமியின் சபத'த்தை நூலகத்திலிருந்து எடுத்து வந்தார். ஆச்சி உளுந்தை அள்ளித் திருகைக் குழியில் போட்டபடியே கேட்டாள்:

"இதுல எங்க வச்சுச் சாப்பிடுதாவ?"

அப்பா கண்ணாடியை மாட்டிக்கொண்டு பக்கங்களைப் புரட்டித் தேட ஆரம்பித்தார்.