தேர்தல் இரவும் ஏ.ஆர். புத்தகமும்

"நாடு ரெண்டா உடைஞ்சிடுமா டாக்டர்?"

போன வாரம் ஓ.பி.யில் பிரஷர் பார்க்க வந்த ஒரு பெரியவர் கேட்டார். தினமும் ராத்திரி டிவி விவாதம் பார்ப்பவர். பிரஷர் 170/100. மாத்திரையை ஒழுங்கா போடுங்க, டிவியைக் குறைங்கன்னு அனுப்பிட்டேன். கேள்வி மட்டும் மனசுல தங்கிடுச்சு.

நம்ம ஊர் கட்சிப் பகை சின்னதா என்ன? 2010இல் ஒரு ஆட்சி திறந்த புதிய தலைமைச் செயலகத்தை விட்டுட்டு, அடுத்து வந்த ஆட்சி பழைய கோட்டைக்கே திரும்பிப் போச்சு. ஆனா அந்தக் கட்டடம்தான் 2014இல் இருந்து ஓமந்தூரார் பன்னோக்கு மருத்துவமனை. 2008இல் வந்த 108 ஆம்புலன்ஸ் இன்னும் ஓடுது. 2009 காப்பீட்டுத் திட்டம் பேரும் விதியும் மாறி 2012இல் திரும்ப வந்துச்சு. 1994இல் தொடங்கிய மருத்துவப் பணிகள் கழகத்தில் இருந்துதான் எங்க ஃபார்மசிக்கு இன்னைக்கும் மாத்திரை வருது. நடுவுல எத்தனை ஆட்சி மாறிச்சு, எண்ணிக்கோங்க.

அதனால சண்டையைப் பார்த்து எனக்குப் பெருசா பயம் வர்றதில்லை. பயம் வந்தது ஒரு உள்ளாட்சித் தேர்தல் ராத்திரி.

(ஊர் பேரும் கட்சிப் பேரும் வேண்டாம்.)

வாக்கு எண்ணிக்கை முடிஞ்சதும் ஒரே கிராமத்து ரெண்டு கோஷ்டி அடிச்சுக்கிட்டு கேஷுவாலிட்டிக்கு வந்தாங்க. ஒருத்தருக்கு மண்டையில ஆறு தையல், எக்ஸ்ரே நார்மல். எதிர்க் கோஷ்டிக்காரருக்கு கை எலும்பு முறிவு. படுக்கை இல்லாம பக்கத்து பக்கத்து கட்டில்ல போட்டோம். கொஞ்ச நேரத்துல மண்டைக் கட்டோட ஒரு சத்தம்: "சிஸ்டர், இவனுக்கு பாட்டில் முடிஞ்சு போச்சு, பாருங்க!"

ரெண்டு மணிக்கு போன் வந்தது. "நம்ம ஆளுக்கு கொடுங்காயம்னு எழுதிடுங்க டாக்டர். அவனுக்கு சாதாக் காயம் போதும்." எலும்போ பல்லோ முறிஞ்சா சட்டப்படி கொடுங்காயம். அவங்க கேட்டது நேர் தலைகீழ். "இந்த ஊர் தண்ணி உங்களுக்கு ஒத்துக்கலையோ?"ன்னு சிரிச்சுக்கிட்டே வெச்சார்.

பொய் சொல்ல மாட்டேன், ஏ.ஆர். புத்தகத்து முன்னாடி பேனா கொஞ்ச நேரம் நின்னுச்சு. வீட்டில் எட்டு மாசக் கைக்குழந்தை. அப்புறம் எக்ஸ்ரேயில் இருந்ததை அப்படியே எழுதினேன்.

வீரம்னு நினைக்காதீங்க. மாத்தி எழுதியிருந்தா, அடுத்த தடவை அந்த ஊர்ல அடிபட்டவன் ஆஸ்பத்திரிக்கு வர மாட்டான், ஸ்டேஷனுக்கும் போக மாட்டான். அரிவாளை எடுத்துக்கிட்டு நேரா எதிர்வீட்டுக்குத்தான் போவான். டிவி விவாதத்தால் இது நடக்காது. எங்க பேனா ஒரு பக்கம் சாய்ஞ்சா நடக்கும்.

டிரான்ஸ்பர் வரலை. அந்தக் குரலும் திரும்பக் கூப்பிடலை.

ஏழாம் நாள் தையல் பிரிக்க மண்டைக்காரர் வந்தார். கிளம்பும்போது மெதுவா, "அவனுக்கு கை கூடிடுமா சார்?"

ஆறு வாரத்துக்கு மேல ஆகும்னேன்.

"நாத்து நட ஆள் இல்லையே அவனுக்கு"ன்னு முனகிக்கிட்டே போனார்.