எந்த ஆலை என்று நான் கேட்டதே இல்லை

மருந்துக் கம்பெனிகள் மீது மக்களுக்கு நம்பிக்கை போய்விட்டது என்கிறார்கள். என் மருந்துக் கடைக்கு வருகிறவர்களில் பலருக்குக் கம்பெனியின் பெயரே தெரியாது. அவர்கள் நம்பியது என்னை. அந்த நம்பிக்கையைக் கூடுதல் மார்ஜினுக்காக நான் விற்றேன்.

குழந்தைக்குச் சளி என்று டாக்டர் சீட்டு இல்லாமல் வந்து நிற்பார்கள். "அண்ணே, நல்ல சிரப்பா ஒண்ணு குடுங்க." பத்து பாட்டில் எடுத்தால் இரண்டு இலவசம் என்று ஸ்டாக்கிஸ்ட் ஸ்கீம் போட்டுக் கொடுத்த சிரப்பைத்தான் எடுத்து வைப்பேன். "ஒண்ணும் ஆகாதும்மா, தைரியமா குடுங்க" என்பேன். அது எந்த ஊரில், எப்படிப்பட்ட ஆலையில் தயாராகிறது என்று ஒருநாளும் விசாரித்ததில்லை. தள்ளுபடி எவ்வளவு என்று மட்டும் துருவித் துருவிக் கேட்டேன். சிறு கம்பெனி என்றாலே மோசம் என்று நான் சொல்லமாட்டேன். எது நல்லது, எது மோசம் என்று தெரிந்துகொள்ள முயலாமலேயே தைரியம் சொன்னேனே, அதுதான் என் குற்றம்.

2025 செப்டம்பர், அக்டோபர் மாதங்களில் மத்தியப் பிரதேசத்தின் சிந்த்வாரா பகுதியில் 20க்கும் மேற்பட்ட குழந்தைகள் சிறுநீரகம் செயலிழந்து இறந்தார்கள். அவர்களுக்குக் கொடுத்த கோல்ட்ரிஃப் சிரப் நம் காஞ்சிபுரம் மாவட்டம் சுங்குவார்சத்திரத்தில் தயாரானது. தமிழ்நாடு மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை சோதித்ததில், அதில் டைஎத்திலீன் கிளைக்கால் 48.6 சதவீதம் இருந்தது. 0.1 சதவீதத்தைத் தாண்டக் கூடாத நஞ்சு அது.

சிரப்பில் மருந்தைக் கரைக்கப் புரோப்பிலீன் கிளைக்கால் ஊற்றுவார்கள். மருந்துக்கென்று சுத்திகரித்ததை வாங்காமல், மற்ற தொழில்களுக்கு விற்கும் மலிவுச் சரக்கை வாங்கிச் சோதிக்காமல் சேர்த்தால், இந்த நஞ்சும் கூடவே வந்துவிடக்கூடும். நிறம் கிடையாது. நாக்குக்கு இனிப்பு. குழந்தை துப்பாது.

டி.ஃபார்ம் படித்த எனக்கு இது புதிய செய்தி அல்ல. 1937இல் அமெரிக்காவில் இதே நஞ்சு கலந்த மருந்தால் நூறு பேருக்கு மேல் இறந்ததும், 1986இல் மும்பை ஜே.ஜே. மருத்துவமனையில் 14 பேர் இறந்ததும் தெரியும். 2022இல் காம்பியாவில் இதேபோல் குழந்தைகள் இறந்ததைச் செய்தித்தாளில் படித்தேன். படித்துவிட்டு அதே ஸ்கீம் சிரப்பை விற்றேன்.

கோல்ட்ரிஃப் என் கடையில் இருந்ததில்லை. அந்தக் கம்பெனியின் ஆள் என்னிடம் வரவில்லை, அவ்வளவுதான். நல்ல ஸ்கீமோடு வந்திருந்தால் வாங்கியிருப்பேன்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். குளோர்பெனிரமைனும் ஃபெனைலெஃப்ரினும் சேர்ந்த சளி மருந்தை 4 வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்குத் தரக்கூடாது என்று லேபிளில் அச்சிடும்படி 2023 டிசம்பரில் உத்தரவு வந்தது. வந்த எச்சரிக்கையும் பொடி எழுத்தில், ஆங்கிலத்தில். அதை வாசித்துச் சொல்ல வேண்டியவன் நான். இடுப்பில் கைக்குழந்தையோடு வந்த அம்மாவிடமும் வயதைக் கேட்காமல் விற்றிருக்கிறேன்.

இப்போது சீட்டு இல்லாமல் குழந்தைகளுக்குச் சளி மருந்து தருவதில்லை. சிலர் கோபித்துக்கொண்டு அடுத்த கடைக்குப் போகிறார்கள். அவர்களிடமும் உங்களிடமும் கேட்டுக்கொள்வது இதுதான்: பில் வாங்குங்கள், அதில் பேட்ச் எண் இருக்கிறதா பாருங்கள். ஒரு பேட்ச் கெட்டது என்று அரசு அறிவித்தால் அந்த எண்ணை வைத்துத்தான் உங்கள் வீட்டுப் பாட்டிலைச் சரிபார்க்க முடியும். குழந்தையின் வயதைக் கேட்காமல் சிரப்பை நீட்டுகிறவரிடம் வாங்காதீர்கள், அவர் எத்தனை வருடம் பழகியவராக இருந்தாலும்.